புருவ மத்தி

ஜனவரி 11

ரத்த அழுத்தம் 148-க்கு 94. மூன்றாவது தடவையும் இப்படித்தான். வீட்டில் அளந்தால் 126, 130 என்று ஒழுங்காக இருக்கிறது. அந்த அறைக்குள் கால் வைத்ததும் ஏறிவிடுகிறது. கையில் சுற்றிய பட்டை இறுகும்போதே காதுக்குள் நெஞ்சு அடிக்கும் சத்தம் கேட்கிறது. "பதற்றப்படாதீர்கள்" என்றார் தாதி. அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்னும் அதிகமாக அடிக்கிறது.

ஒரு மாதம் பார்ப்பார்களாம். எண் இறங்காவிட்டால் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று என்னை ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் யார்? அண்ணனைப் பற்றி இன்று எழுத மாட்டேன்.

ஜனவரி 14

பொங்கல். தம்பி இரண்டு கரண்டி சாப்பிட்டான். அவனுக்கு ஆகாத முந்திரிகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தான். படைத்த வாழைப்பழச் சீப்பை அம்மா அவன் கண்ணில் படாமல் சமையலறைக்குள் எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரி 18

தம்பி மனைவி கவிதா எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த தியான வகுப்புக்கு இன்று போய்விட்டேன். இங்கே சிங்கப்பூரில், ஈசூன் சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி. பக்கத்து அறையில் சீனப் பாட்டிகள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். எங்கள் அறையில் பதினான்கு பேர், பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆசிரியைக்கு எழுபது வயது இருக்கும். "வாழ்க வளமுடன்" என்று ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

வேதாத்திரி மகரிஷியின் எளியமுறைக் குண்டலினி யோகம். அவர் 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், தறி நெய்தவர், காவி கட்டிக் காட்டுக்குப் போகாமல் குடும்பத்தில் இருந்துகொண்டே தவம் செய்தவர் என்று சொன்னார். தறி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாவும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். தறிக்குழியில் இறங்கினால் கால் ஒரு வேலை, கை ஒரு வேலை, ஆனால் மனம் இழையில் மட்டும் இருக்க வேண்டும், அது விலகினால் இழை அறுந்துவிடும் என்பார்.

உயிராற்றல் மூலாதாரத்தில், முதுகுத்தண்டின் அடியில் ஒடுங்கிக் கிடக்கிறதாம். பழைய வழியில் அதை மூச்சடக்கி மேலே எழுப்ப ஆண்டுக்கணக்கில் ஆகும். வழுக்கினால் ஆபத்தும் உண்டு. இந்த வழியில் ஆசிரியர் விரலால் தொட்டு நேரே புருவ மத்திக்கு, ஆக்கினைக்கு, ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். நமக்குள்ள வேலை, அங்கே கவனத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. அந்தச் சும்மா இருப்பதுதான் கடினம் என்றார்.

கண்ணை மூடினோம். ஆசிரியை ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு வரும்போது புடவை உரசும் ஒலி நெருங்கியது. விரல் நுனி பட்டது. குளிர்ச்சியாக இருந்தது, லேசாக விபூதி வாசம். இரண்டு மூன்று விநாடிதான். எடுத்த பிறகும் விரல் அங்கேயே இருந்தது. இன்னும் இருக்கிறது. இரவு 11 மணிக்கு இதை எழுதும்போதும் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "குண்டலினியா? புத்தி பேதலித்துவிடும், ஊரில் பார்த்திருக்கிறேன்" என்றார்.

ஜனவரி 19

காலை 20 நிமிடம். எறும்பு ஊர்வதுபோல, பிறகு யாரோ காசை வைத்து அழுத்துவதுபோல.

134-க்கு 84.

ஜனவரி 23

தம்பியோடு ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கவிதாவுக்கு இன்று வேலை.

அவனுடைய இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம் கயிறு முறுக்கியதுபோல் புடைத்திருக்கிறது. "தொட்டுப் பார் அக்கா" என்றான். இத்தனை மாதமும் தொட்டதில்லை. இரண்டு விரலை வைத்தேன். உள்ளே விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது, தேன்கூட்டின் மேல் கை வைத்ததுபோல. தமனியின் ரத்தம் நேரே சிரைக்குள் பாய்வதால் வரும் அதிர்வு. தினமும் காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வானாம். அதிர்வு நின்றால் அடைத்துவிட்டது என்று பொருள், உடனே ஓட வேண்டும்.

என் புருவ மத்தியில் இருப்பதும் அதே அதிர்வுதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவனுக்கு அது ஊசி போடும் கை. அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டான். கால்மாட்டில் உட்கார்ந்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன். இயந்திரத்தின் ஓசை, யாரோ இருமுவது, மலாய்த் தாதி ஒருவரின் சிரிப்பு. எதுவும் தொந்தரவாக இல்லை.

பிப்ரவரி 1

இன்று வாழ்த்துப் பயிற்சி. தவம் முடியும்போது, நெகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில், ஒவ்வொருவராக நினைத்து வாழ்க வளமுடன் என்று சொல்ல வேண்டும். கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், நண்பர்கள், பிறகு நமக்கு ஆகாதவர்கள், கடைசியில் வாழ்க வையகம்.

உடன்பிறந்தோர் என்ற இடத்தில் தம்பி வந்தான். அடுத்து அண்ணன் வந்து நின்றார். நாக்கு எழவில்லை.

அண்ணன் இருக்கும் ஜொகூர் பாரு எவ்வளவு தூரம்? மலேசியாதான், கடற்பாலத்தின் அந்தப் பக்கம். ரத்தப் பிரிவு பார்க்க ஒரு குழாய் ரத்தம்தான் கேட்டோம். அண்ணி போனை வாங்கி, "அவருக்கும் குடும்பம் இருக்கிறது" என்றார். எனக்கு இல்லையா? அண்ணன் பின்னால் இருந்து எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் திட்டியிருக்கலாம். அப்பா இறந்தபோது எங்கள் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்து மண்டாய் தகனக்கூடத்தில் நடத்திக்கொண்டு போனவர் அவர்தான். தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கையை எனக்கு நினைவு இருக்கிறது, கட்டைவிரலில் மோட்டார் எண்ணெய்க் கறை. அதே கைதான் என் போனை எடுக்காமல் விட்டுவிட்டது. வையகம் முழுவதையும் வாழ்த்திவிட்டேன். அவரை விட்டுவிட்டேன். வையகத்தில் அவரும் அடக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். அது பொய் என்று அடுத்த நிறுத்தத்திற்குள் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 4

தலை கனக்கிறது. நெற்றி சுடுகிறது. தூக்கம் 3 மணிக்குக் கலைந்தது.

பிப்ரவரி 5

ஆசிரியைக்குப் போன் செய்தேன். "எத்தனை நேரம் உட்காருகிறீர்கள்?" ஒன்றரை மணி நேரம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சாந்தி தவம் சொல்லிக் கொடுத்தார். கவனத்தைப் புருவ மத்தியிலிருந்து கீழே மூலாதாரத்துக்கு இறக்கி அங்கே வைப்பது. மேலே ஏறிய ஆற்றல் உடம்பில் பரவி ஓய்வெடுக்கும். "ஏற்றத் தெரிந்தவர் இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும் அம்மா, அதனால்தான் இதையும் சேர்த்தே கொடுக்கிறோம்" என்றார். கபாலபாத்தி மூச்சுப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறுகிறவர்கள் வேகமாக மூச்சு விடக்கூடாது, அடக்கவும் கூடாது. மருத்துவர் சொல்வதில் ஒன்றையும் விடக்கூடாது.

திருமூலர் சொன்ன கணக்கைப் பார்த்து நானே ஒரு நாள் முயன்றதை ஒப்புக்கொண்டேன். உள்ளே இழுக்க 16, நிறுத்த 64, விட 32. நிறுத்தலில் முப்பதைத் தாண்டவில்லை, கண் இருட்டியது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "எதற்கு இவ்வளவு அவசரம்?" என்று மட்டும் கேட்டார்.

எதற்கு அவசரம் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

பிப்ரவரி 6

சாந்தி தவத்துக்குப் பிறகு எட்டு மணி நேரம் தூங்கினேன். அம்மா இரண்டு தடவை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாராம்.

பிப்ரவரி 11

தைப்பூசம். பதினேழு வயதிலிருந்து தம்பி எடுத்த பால்குடத்தை இந்த ஆண்டு நான் எடுத்தேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல். விடியுமுன் கிளம்பியதால் தார் சுடவில்லை.

நடக்கும்போது ஒரு கேள்வி விடவே இல்லை. முருகனிடம் கேட்கலாம். எண் இறங்க வேண்டும், மருத்துவமனைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், தம்பியின் உடம்பு என்னுடையதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வரிசையாகக் கேட்டேன், கூச்சமே இல்லாமல். ஆனால் தவத்தில் உட்காரும்போது எதையும் கேட்கக்கூடாது. நானோ ஒவ்வொரு நாளும் ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். கண்ணைத் திறந்ததும் கை அளக்கும் கருவியைத் தேடுகிறது. அப்படியானால் நான் செய்வது தவமா, மாத்திரையா? மாத்திரையாகவே இருந்தாலும் தப்பா? தம்பிக்காக என்றால் தப்பில்லை என்று ஒரு மனம். தம்பிக்காக என்று சொல்லிக்கொண்டு உன் பயத்துக்குத்தான் மருந்து தேடுகிறாய் என்று இன்னொரு மனம். பால் தளும்பி நெற்றியில் வழிந்தது. புருவ மத்தியில் நின்று, பிறகு மூக்கில் இறங்கியது.

பிப்ரவரி 15

கருவியைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டேன். நான் கேட்டாலும் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 20

24 மணி நேரக் கருவி. அரை மணிக்கு ஒரு தடவை பட்டை தானாக இறுகியது. எம்ஆர்டி ரயிலில், தேக்காச் சந்தையில் கீரை வாங்கும்போது, படுக்கையில். இரவில் அது இறுகும்போதெல்லாம் விழித்துக்கொண்டு புருவ மத்திக்குப் போனேன். பிறகு அது கழுத்தைச் சுற்றிய குழந்தையின் கை மாதிரி ஆகிவிட்டது.

பிப்ரவரி 25

சராசரி 124-க்கு 78.

ஆசிரியையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உப்பைக் குறைத்தீர்கள், மாலையில் நடந்தீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தவத்துக்கு மட்டும் பெருமை கொடுக்காதீர்கள் என்றார். அவரை இன்னும் அதிகமாக நம்பத் தோன்றுகிறது.

மார்ச் 6

மருத்துவமனையின் நெறிமுறைக் குழு. மூன்று பேர். யாராவது வற்புறுத்தினார்களா? பணமோ பொருளோ தருவதாகச் சொன்னார்களா? கடைசி நிமிடத்தில்கூட மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, தெரியுமா?

ஒருவர் கேட்டார்: "வேறு உடன்பிறந்தவர் இருக்கிறாரா?"

இருக்கிறார் என்றேன். ஏன் அவர் வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். ஒரு மாதமாக மனத்துக்குள் அடுக்கிவைத்த பதில் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. "அவருக்குப் பயம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது. சிறு வயதில் ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார். எப்படி மறந்தேன்?

மார்ச் 12

கடிதம் இன்னும் வரவில்லை.

மார்ச் 13

வரவில்லை. சாந்தி தவம் மட்டும்.

மார்ச் 17

அனுமதி வந்துவிட்டது. 27-ஆம் தேதி.

அம்மா அழுதார். இரண்டு பிள்ளைகளை ஒரே நாளில் கத்திக்குக் கொடுக்கிறேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "அந்த அம்மாள் எங்கே தொட்டார்?" என்று கேட்டார். காட்டினேன். தன் விரலால் அதே இடத்தில் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

மார்ச் 20

இன்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். என் இடது சிறுநீரகத்தை எடுப்பார்கள். ஏறக்குறைய 150 கிராம் எடை. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டுவது ஏறத்தாழ 180 லிட்டர். எடுத்துவிட்ட ஒன்றின் வேலையை மற்றது கொஞ்சம் பெருத்து ஏற்றுக்கொள்ளும். தம்பியின் பழையவற்றை எடுக்க மாட்டார்கள். புதியதை முதுகுப்பக்கம் வைப்பதும் இல்லை. முன்னால், அடிவயிற்றில், தொட்டால் தெரியும் இடத்தில் வைப்பார்கள்.

அடிவயிறு. ஆறு ஆதாரங்களில் சுவாதிட்டானம் இருக்கும் பகுதி, ஆறிதழ்த் தாமரை. வகுப்பில் எழுதிக்கொண்ட தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். ஆறு ஆதாரங்களின் இதழ்கள் 4, 6, 10, 12, 16, 2. பேருந்தில் கூட்டிக்கொண்டே வந்தேன், 50. சமஸ்கிருத எழுத்துகள் ஐம்பதையும் அந்த இதழ்களில் வைப்பார்களாம். என்னுடையது அவனுடைய எந்த எழுத்தின் கீழ் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

மார்ச் 23

அண்ணனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. "எப்போது?" இந்த ஒரு சொல்தான். பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதி அழித்தேன்.

மார்ச் 24

தேதியை மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 26

படுக்கை எண் 14. தம்பி இரண்டு அறை தள்ளி. மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள், இருபத்தாறு ஆண்டுகளாகக் கழற்றாதது, திருகு வரவில்லை. தாதி சோப்பு போட்டு மெல்ல மெல்லத் திருப்பினார். கவிதா அதைத் தாலிக் கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டாள்.

134-க்கு 82. கேட்காமலே சொன்னார்கள்.

9 மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பி இந்தப் பக்கம் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அவன் முன்கையில் விரல் வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. நீயும் கண்ணை மூடு என்றேன். எதுவும் கேட்காமல் மூடிக்கொண்டான். வாழ்த்தில் உடன்பிறந்தோர் என்ற இடம் வந்தது. நின்றேன். வாய்விட்டு, எங்கள் மூன்று பேர் பெயரையும் சொன்னேன். பெரியவர் பெயரை முதலில்.

கவிதா இப்போதுதான் வந்து சொன்னாள். அண்ணன் மாலை 5 மணிக்கே கிளம்பிவிட்டாராம், தனியாக. கடற்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. இன்னும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்தான் நிற்கிறாராம்.