ஐஸ் பிளாண்டில் 12.5 கிலோ அம்மோனியா

குமரி மாவட்ட மீன்பிடித் துறைமுகங்களான குளச்சல், சின்னமுட்டம் பக்கத்தில், அம்மோனியாவால் குளிரூட்டி ஐஸ் தயாரிக்கும் பிளாண்டுகளில் தீ அபாயம் பற்றிப் பேச்செடுத்தால், "அம்மோனியா மூச்சைத்தான் அடைக்கும், எரியாது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை ஆபத்தானது. காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்தால் அம்மோனியா வெடிக்கும். திறந்தவெளியில் அந்த அடர்த்தி நிற்பது அரிது. ஆனி, ஆடி மழைச்சாரலுக்குப் பயந்து ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்த மெஷின் ரூமில் தாராளமாக நிற்கும். 1984-ல் அமெரிக்காவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் கசிவை அடைக்கப் போன தீயணைப்பு வீரர் இப்படியொரு வெடிப்பில்தான் உயிரிழந்தார்.

வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் முழு ஆறுதல் இல்லை. காற்றில் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) கலந்தாலே உயிருக்கு ஆபத்து. வெடிக்கும் எல்லை தொடங்குவது 1,50,000 பிபிஎம்மில். அதற்குள் ஆட்கள் வெளியே ஓடியிருப்பார்கள். உள்ளே மின் பேனலும் மோட்டாரை இயக்கும் கான்டாக்டர் சுவிட்சும் தன்பாட்டுக்குத் தீப்பொறியோடு ஆன், ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும்.

அபாயத்தை மதிப்பிட முதலில் அறையை அளங்கள். 6 மீட்டர் நீளம், 5 அகலம், 4 உயரம் என்றால் 120 கன மீட்டர். அதில் 15 சதவீதம் 18 கன மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் அம்மோனியா வாயு சுமார் 0.69 கிலோ. ஆக, 12.5 கிலோ போதும். திரவமாக அது ஒரு பெரிய வாளி.

அடுத்து, அது எவ்வளவு நேரத்தில் வெளியேறும்? வாயுவைத் திரவமாக்கும் கண்டன்சர் 40 டிகிரியில் ஓடும்போது அழுத்தத்தை அளக்கும் கேஜ் 14.5 பார் காட்டும். கம்ப்ரஸரிலிருந்து வாயு வெளியேறும் டிஸ்சார்ஜ் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தால் வினாடிக்குச் சுமார் 14 கிராம் வாயு. அதே ஓட்டை, திரவ அம்மோனியாவைச் சேர்த்து வைக்கும் ரிசீவர் தொட்டியிலிருந்து போகும் லிக்விட் லைனில் விழுந்தால் 175 கிராம். முன்னது 12.5 கிலோவைக் கொட்ட கால் மணி நேரம் எடுக்கும்; பின்னதற்கு ஒன்றேகால் நிமிடம் போதும். திரவத்தில் கால்வாசிதான் உடனே ஆவியாகும், மிச்சம் நுண்துளிகளாகப் பறக்கும் என்றாலும், முழுவதும் ஆவியானதாகவே கணக்கு வையுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்கு 30 முறை அறைக்காற்றை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாயுக் கசிவில் அறை 2 சதவீதத்தில் நிற்கும், பயமில்லை. திரவக் கசிவில் 20 சதவீதத்துக்கு ஏறும், வெடிக்கும் எல்லைக்கு நட்டநடுவே. அதனால் பெரிய ஃபேன் வாங்குவதைவிட, ரிசீவரிலிருந்து திரவம் வெளியேறும் இடத்திலுள்ள கிங் வால்வை ஒட்டி, வெளியிலிருந்தே மூடக்கூடிய சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) வைப்பதுதான் எனக்கு முக்கியம். ஆனால் அந்த வால்வுக்கு முன்னால் இருக்கும் ரிசீவரை அது காக்காது. ரிசீவரில் திரவ மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடிக்கு மேலும் கீழும் ஸ்டீல் பந்து வைத்த காக்குகள் (சிறு வால்வுகள்) இருக்கின்றனவா பாருங்கள். கண்ணாடி உடைந்தால் பந்துதான் வழியை அடைக்கும்.

பேனலை அறைக்கு வெளியே மாற்றுங்கள். கூரையடியில் டிடெக்டர் வேண்டும். 30,000 பிபிஎம் ஆனதும் அறையின் மின்சாரம் முழுவதும் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும், தீப்பொறி வராத மோட்டார் கொண்ட எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓட வேண்டும். தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், இன்னும் வேகமாக ஆவியாகும்.

கடல் உப்புக்காற்றில் குழாய் அரிப்பது பெரும்பாலும் கண்ணில் படாத இன்சுலேஷனுக்கு அடியில். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் பிளாண்ட் ஓய்வாக இருக்கும்போதே அதைப் பிரித்து அல்ட்ராசோனிக் மீட்டரால் தடிமன் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, கம்ப்ரஸரிலிருந்து அம்மோனியாவோடு வந்து தேங்கும் ஆயிலை வடிக்கும் வேலை. வால்வைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்கு நகர்வார்கள். ஆயில் தீர்ந்ததும் பின்னாலேயே திரவ அம்மோனியா பீறிடும். காற்றில் ஆயில் நுண்துளிகளும் கலந்தால் 15 சதவீதத்துக்கு முன்பே பற்றும். கையை எடுத்தால் தானே மூடும் ஸ்பிரிங் வால்வை அங்கே மாட்டுங்கள். அதைக் கம்பியால் கட்டித் திறந்து வைக்க யாரையும் விடாதீர்கள்.