உட்கார ஓர் இடம்: ரயில் பாஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, சென்னை

யூரெயில் பாஸ் வாங்கிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் நாமே தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள்களில், ஐரோப்பாவின் 33 நாடுகளில் எங்கு வேண்டுமானாலும் ரயில் ஏறலாம். அம்மாவுக்கு 66 வயது. அறுபதைக் கடந்தவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. செய்தியைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கன்பார்ம் ஆகிவிட்டதா?"

கேட்காமல் என்ன செய்வார்? மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வரும்போதெல்லாம், கீழ்ப்படுக்கை உறுதியாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்குவார். முழங்கால் வலி வந்ததிலிருந்து அந்தக் கவலை இன்னும் கூடிவிட்டது. அவரால் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது.

பாஸ் தருவது ஏறும் உரிமையை மட்டும்தான். ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பகல் ரயில்கள் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். காலியான இருக்கையில் உட்கார்ந்துகொள்ளலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் ஆகியவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆகவேண்டும். பிரான்ஸுக்குள் ஓடும் டிஜிவிக்கு 10 அல்லது 20 யூரோ. யூரெயில் தளத்திலேயே பதிவு செய்தால், ஒவ்வொரு ரயிலுக்கும் ஆளுக்கு 2 யூரோ சேவைக் கட்டணமும் சேரும். இத்தனையையும் பாஸ் வாங்கிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13

பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு நான்கு மணி நேரத்தில் போகும் அதிவேக ரயிலில் எங்கள் தேதிக்கு இடமில்லை. ரயில் நிறைந்துவிடவில்லை. முழு விலை கொடுத்தால் இப்போதும் டிக்கெட் கிடைக்கிறது. பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் மட்டும் தீர்ந்துவிட்டன. நம் ஊர் கோட்டா முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் இங்கே காத்திருப்போர் பட்டியலும் இல்லை, ஆர்.ஏ.சி.யும் இல்லை. யாராவது ரத்து செய்தால் நமக்கு வரும் என்று காத்திருக்கவும் வழியில்லை. பாஸுக்கு அவ்வளவு பணம் கொடுத்தவரை இப்படி வாசலில் நிறுத்துவது நியாயமே இல்லை. இரவு முழுக்க மனம் ஆறவில்லை.

ஆகஸ்ட் 14

வழி கிடைத்துவிட்டது! பாரிஸ் கிழக்கு நிலையத்திலிருந்து த்ருவா, ஷோமோன் வழியாக முலூஸுக்கு ஒரு பிராந்திய ரயில் ஓடுகிறது. முலூஸில் மாறினால் சிறிது நேரத்தில் ஸ்விட்சர்லாந்தின் பாசல். முன்பதிவே கிடையாது, பாஸ் மட்டும் போதும். பாசல் போய்ச் சேர அரை நாள் பிடிக்கும், அதனால் சூரிச்சை விட்டுவிட்டுப் பாசலிலேயே தங்குகிறோம். முலூஸ் வரை நேரடியாகப் போகும் வண்டிகள் நாளுக்குச் சில மட்டுமே என்பதால் நேரத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மிலான்–ஃப்ளோரன்ஸ் ஃப்ரெச்சாரோசாவுக்கும் இன்றே பதிவு செய்தேன். கார்டை ஏற்கிறதா என்று பார்க்க முதலில் எனக்கு, பிறகு அம்மாவுக்கு.

செப்டம்பர் 13, பாரிஸ்

மாலையில் லா ஷப்பேல். ஈழத் தமிழர்களின் கடைகள் நிறைந்த தெரு. அம்மா வாய் நிறையத் தமிழ் பேசினார். நாளை வண்டி ஏறவேண்டிய கிழக்கு நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். இடியாப்பம் கட்டி வாங்கிக்கொண்டோம்.

செப்டம்பர் 14, பாசல்

ரயில் புறப்பட நாற்பது நிமிடங்களுக்கு முன்பே நிலையத்தில் இருந்தோம். நடைமேடை எண் பலகையில் வந்தவுடன் கூட்டம் நகர்ந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்த பெட்டிகளை நோக்கி நடந்தேன். நுழைவாயிலுக்கு அருகில் உள்ள பெட்டியில்தான் எல்லோரும் ஏறுவார்கள் என்பது எழும்பூரில் கற்ற பாடம். மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் இரண்டு இருக்கைகள் கிடைத்தன.

ஏறும் முன்பே யூரெயில் செயலியில் இன்றைய பயணத்தைச் சேர்த்து, பயண நாளைத் தொடங்கிவைத்திருந்தேன். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, அதற்குள் எத்தனை ரயில் மாறினாலும் ஒரே நாள் கணக்கு. பரிசோதகர் இரண்டு பாஸ்களின் கியூஆர் குறியீடுகளையும் ஸ்கேன் செய்துவிட்டு நகர்ந்தார்.

ஷோமோன் நிலையம் வரும் முன் ரயில் உயரமான கல் பாலம் ஒன்றின்மேல் ஏறியது. ஐம்பது வளைவுகள் கொண்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலம். அம்மா இடியாப்பத்தை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். வலிக்கும் காலோடு, தானாகவே.

செப்டம்பர் 17, திரானோ

நாள் முழுக்க மூன்று ரயில்கள், ஒன்றுக்கும் முன்பதிவு இல்லை. பாசலிலிருந்து கூர், அங்கிருந்து செயின்ட் மோரிட்ஸ், பிறகு பெர்னினா கணவாய் வழியே இத்தாலி எல்லைக்குள்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூரை வரை கண்ணாடி வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கைக் கட்டணம் கட்டவேண்டும், கோடையில் சீக்கிரம் நிறைந்தும்விடும். அதே தண்டவாளத்தில், அதே பனியாறுகளைக் காட்டிக்கொண்டு, சாதாரணச் சிவப்பு ரயிலும் ஓடுகிறது. அதற்குப் பாஸே போதும். எங்கள் பெட்டியில் ஜன்னலைக் கீழே இறக்க முடிந்தது! 2,253 மீட்டர் உயரத்தில் ஒஸ்பிஸியோ பெர்னினாவில் அடித்த குளிர்காற்றுக்கு அம்மா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார், ஆனாலும் ஜன்னலை மூடவிடவில்லை. புரூசியோவில் ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு முழு வட்டம் அடித்துக் கீழே இறங்கியபோது, எங்கள் வண்டியின் முன்பெட்டிகளையே ஜன்னலில் பார்த்தோம். திரானோவுக்குள் நுழைகையில் ரயில் தெருவிலேயே, ஒரு பெரிய தேவாலயத்தை உரசிக்கொண்டு போனது. "மாசி வீதியில் தேர் வருவதுபோல் இருக்கிறது" என்றார் அம்மா.

செப்டம்பர் 19, ஃப்ளோரன்ஸ்

காலையில் திரானோவிலிருந்து மிலான் வரை பிராந்திய ரயில். கோமோ ஏரி வலப்பக்கம் வரும், அந்தப் பக்கமே உட்காருங்கள்.

மிலானில்தான் என் தவறு தெரிந்தது. தனித்தனியாகப் பதிவு செய்ததால் எனக்கு 7ஆம் பெட்டி, அம்மாவுக்கு 4ஆம் பெட்டி. இரண்டு பேருக்கும் ஒரே பதிவில் எடுத்திருந்தால் அருகருகே கிடைத்திருக்கும். அம்மாவின் முகம் வாடிவிட்டது. மொழி தெரியாத ஊரில் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவேண்டும். அம்மாவின் பக்கத்து இருக்கையில் இருந்த முதியவரிடம் என் இருக்கை எண்ணைக் காட்டி, அம்மாவைக் காட்டி, கைகூப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேலே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு மூன்று பெட்டி தாண்டி நடந்துபோனார். அவர் பெயர்கூடத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

போலோன்யாவைத் தாண்டியதும் சுரங்கத்துக்குப் பின் சுரங்கம். வெளியே இருட்டு, பார்க்க ஒன்றுமில்லை. அம்மா தூங்கிவிட்டார்.

செப்டம்பர் 22

நாளை ரோம். ஃப்ரெச்சாரோசாவில் ஒன்றரை மணி நேரம், இருக்கைக்குத் தனிப் பணம். அரெட்சோ, ஓர்வியெத்தோ வழியாகப் போகும் பிராந்திய ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், பாஸ் மட்டும். இன்னொரு தனியார் அதிவேக ரயில் இருக்கிறது, இதாலோ. அது பாஸை ஏற்பதே இல்லை என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை.

எதில் போகலாம் என்று அம்மாவிடமே கேட்டேன். "ஜன்னல் உள்ளதில்" என்றார்.

இருக்கை எண் எதுவும் கையில் இல்லை. இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மா தன் பெட்டியை அடுக்கி, பூட்டி, அறைக் கதவோரம் கொண்டுபோய் வைத்துவிட்டார்.