பாதிரிப்புலியூரில் என்ன கேட்பது?

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்தில் இன்றும் மாறாத வழக்கம். ஒற்றைப்படை மாதமாகப் பார்த்து வளைகாப்பு நடத்தி, வேப்பங்காப்பை முதலில் இட்டு, அதன்மேல் இரு கைகளிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கி, கலந்த சாதங்களைப் படைத்து, வந்திருந்தோர் சந்தனமும் குங்குமமும் பூசி வாழ்த்திய பிறகு, பிறந்த வீட்டார் அவளை அழைத்துச் செல்வார்கள். என் மனைவிக்கு ஏழாம் மாதமாகிய மாசியில் புதுச்சேரியில் எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. அவளுடைய தாய்வீடு கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே செல்லும் தொலைவில் இருக்கிறது. அவளைக் கொண்டுபோய் விடும் பயணத்தையே கோயில் பயணமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் தீர்மானித்தபோது, எந்தெந்தத் தலங்களுக்குச் செல்வது என்பதைவிட, அங்கே என்ன வேண்டிக்கொள்வது என்பதில்தான் வீட்டில் கருத்துகள் பெருகின.

என் தாயார் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பேரனை எதிர்பார்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறியவோ அறிவிக்கவோ கூடாதென்று 1994-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டதால், ஸ்கேன் அறையில் கேட்க முடியாத கேள்வியைச் சன்னதியில் கேட்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டதோ என்று எனக்குச் சில நேரங்களில் தோன்றுவதுண்டு. என் அத்தை, அதாவது மனைவியின் தாயார், சுகப்பிரசவம் ஒன்றைத் தவிர வேறெதையும் வேண்டவில்லை. மனைவியின் பாட்டியான ஆயாவுக்கோ கவலை வேறு. மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி சித்திரையின் பிற்பகுதியில் வருகிறது. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் தகப்பன் தெருவில் நிற்பான் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். வைகாசி பிறக்கும்வரை குழந்தை பொறுத்திருக்க வேண்டும் என்பதே அவருடைய பிரார்த்தனை. நாள் பார்த்து அறுவை செய்து முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அதை நாங்கள் இருவரும் அப்போதே மறுத்துவிட்டோம். தாய்க்கோ சேய்க்கோ தேவை ஏற்பட்டு மருத்துவர் கத்தியை எடுப்பது வேறு. பஞ்சாங்கத்துக்காக எடுக்கச் சொல்வது வேறு.

மனைவி கருவுற்றிருக்கும்போது கணவனுக்கும் விதிகள் உண்டு: முடி களையக் கூடாது, மலையேறக் கூடாது, கடலில் நீராடக் கூடாது. இவற்றின் காரணங்களை நான் ஆராயப் புகவில்லை. அவள் உணவிலும் உறக்கத்திலும் இத்தனை கட்டுப்பாடுகளைச் சுமக்கும்போது, தாடியோடு சில மாதங்கள் இருப்பது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. இந்த விதியின் காரணமாகவும், அவளால் படியேற முடியாது என்பதாலும், திருவந்திபுரத்து ஔஷதகிரியில் எழுந்தருளியிருக்கும் ஹயக்ரீவரைத் தரிசிக்கும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டோம்.

புறப்பட்ட அன்று காலையில் முதலில் வில்லியனூருக்குச் சென்றோம். திருக்காமீஸ்வரரும் கோகிலாம்பாளும் எழுந்தருளியிருக்கும் அந்தக் கோயிலின் தேரை, பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கத்தைத் தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பதைப் புதுச்சேரிக்காரர்கள் பெருமையுடன் சொல்வார்கள். நாங்கள் சென்றது தேரும் திருவிழாவும் இல்லாத ஒரு வார நாள்; கூட்ட நெரிசலில் அவளை நிறுத்தக் கூடாது என்பதற்காகவே பிரதோஷமும் வெள்ளிக்கிழமையும் அல்லாத நாளாகப் பார்த்திருந்தோம். அம்பாளுக்கு வளையல் சாத்திவிட்டு, அங்கிருந்து திரும்பி, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர்ச் சாலையில் சென்றோம். வண்டியின் பின்னிருக்கையில் ஸ்கேன் அறிக்கைகளும், இரும்புச்சத்து மாத்திரைகளும், தமிழ்நாட்டில் பேறுகாலத்தைப் பதிவு செய்து பெற்ற பிக்மி எண்ணைக் குறித்த தாளும் அடங்கிய கோப்பு ஒன்று இருந்தது. பழைய பருத்தி வேட்டிகளை வெந்நீரில் துவைத்து மடித்து வைத்த பை ஒன்றும் இருந்தது. பிறக்கும் முன்பு பிள்ளைக்குப் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்பதால், வேறு பொருள் எதுவும் அதில் சேரவில்லை.

பெண்ணையாற்றையும், மஞ்சக்குப்பத்தைக் கடந்து கெடிலத்தையும் தாண்டித் திருப்பாதிரிப்புலியூரை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பாதிரி மரத்தைத் தலமரமாகக் கொண்டதால் இறைவன் பாடலீஸ்வரர், அம்மை பெரியநாயகி. இறைவனின் கண்களை விளையாட்டாகப் பொத்தியதால் உலகம் இருண்டுபோக, அதற்குக் கழுவாயாக அம்மை இந்தப் பாதிரி வனத்தில் அருந்தவம் இருந்து அவனை மீண்டும் அடைந்தாள் என்று தலபுராணம் கூறுகிறது. அதனால் அவளுக்கு அருந்தவநாயகி என்றும் பெயர். சிறிதும் கருதாமல் செய்த ஒரு செயலுக்காக நெடுங்காலம் பொறுமை காத்தவள் என்ற முறையில், பேறுகாலத்துப் பெண்கள் அவள் முன் நின்று முறையிடுவது பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் நான் இந்தத் தலத்தைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் அப்பர். இந்த ஊரின் பழம்பெயர் பாடலி. சமணம் செழித்திருந்த இடம். சர்வநந்தி என்னும் சமண முனிவர் கி.பி. 458-இல் உலகத்தின் அமைப்பைப் பற்றிய நூல் ஒன்றை இங்கே எழுதி முடித்தார் என்ற குறிப்பு கிடைத்திருக்கிறது. இங்கிருந்த சமணப் பள்ளியில்தான் திருவாமூர் மருள்நீக்கியார் சேர்ந்து தருமசேனர் ஆனார். பின்னர் சூலை நோயால் துடித்து, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் இரவோடு இரவாகச் சென்று, திருநீறு பெற்று, சைவராக மீண்டு, அப்பர் என்று நாம் அழைக்கும் நாவுக்கரசர் ஆனார். சினம் கொண்ட பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் அடைத்தும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும் பயன் காணாமல், கடைசியில் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளச் செய்தான். ‘சொற்றுணை வேதியன்’ என்று தொடங்கி அவர் நமச்சிவாயப் பதிகம் பாட, கல் தெப்பமாக மிதந்து இந்த ஊர்ப் பக்கம் கரை சேர்ந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. கரையேறியவர் நேராக இந்தக் கோயிலுக்கு வந்து பாடிய பதிகத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.

காலபூசை முடியும் வேளையில் ஓதுவார் ஐயாவிடம் விண்ணப்பித்துக்கொண்டோம். மனைவியைப் பார்த்ததும் அவர் தூணருகே இடம் காட்டி அவளை அமரச் செய்துவிட்டு, நின்றபடியே பாடினார்:

ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்
மூன்றாய் உலகம் படைத்து உகந்தான் மனத்துள் இருக்க
ஏன்றான் இமையவர்க்கு அன்பன் திருப்பாதிரிப்புலியூர்த்
தோன்றாத்துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே.

பலமுறை கேட்ட பாடல்தான். ஆனால் தாயாகப் போகிறவளின் அருகில் அமர்ந்து கேட்கும்போது முதலடி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. இறைவனைத் தாய் என்றும் தந்தை என்றும் பாடாத அடியார் யார்? ஆயினும் இங்கே பாடுகிறவர், தாயையும் தந்தையையும் இளமையிலேயே இழந்தவர். தந்தை புகழனார் நோயால் இறக்க, தாய் மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த படைத்தலைவர் கலிப்பகையாரும் போர்க்களத்தில் வீழ்ந்த செய்தி அதன்பின் வந்தது. உயிரை விட எண்ணிய தமக்கையின் கால்களில் தம்பி விழுந்து, நீங்கள் போனால் உங்களுக்கு முன்னே நான் போவேன் என்று அழுதபோது, ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்று கருதி அவர் உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் எழுதுகிறார். தாய், தந்தை, உடன்பிறப்பு என்ற மூன்று உறவையும் ஒரே பெண்ணிடம் பெற்று வளர்ந்த பிள்ளை, சாவின் வாயிலிருந்து மீண்டு வந்த அன்று, அந்த மூன்றையும் அதே வரிசையில் இறைவனிடம் காண்கிறார். இப்படிப் படிப்பது புலவர்களுக்கு உடன்பாடாக இருக்குமா என்று தெரியாது. எனக்கு அந்த அடி வேறு வகையாகக் கேட்கவில்லை.

இதில் பெற்றோராகப் போகிறவர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. நாங்கள் இத்தனை மாதங்களாகத் தாய்மை என்பதைப் பெறுதலோடும், பெறுதலை மருத்துவமனையோடும் மட்டுமே சேர்த்து நினைத்திருந்தோம். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எத்தனை கிலோ எடை என்பதற்கு மேல் எங்கள் பேச்சு செல்லவில்லை. திலகவதியார் யாரையும் பெறவில்லை. திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மலர்கொய்து கொடுத்துக்கொண்டு, தன்னை விட்டுப் போன தம்பிக்காகப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தார். பிள்ளை வேறு வழியில் போய்விட்ட காலத்திலும் கதவைத் திறந்து வைத்திருந்த அந்தப் பொறுமை, பிரசவத்துக்குப் பின் வரப்போகிற நீண்ட வேலையின் பெயர் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஓதுவார் தொடர்ந்து பாடி எட்டாம் பாடலுக்கு வந்தார்: ‘புழுவாய்ப் பிறக்கினும் புண்ணியா உன்னடி என்மனத்தே வழுவாதிருக்க வரந்தர வேண்டும்’. கடலில் எறியப்பட்டு உயிர் பிழைத்து வந்தவர் கேட்கும் வரம் இது. இனி எனக்குத் துன்பம் வேண்டாம் என்றோ, மன்னன் திருந்த வேண்டும் என்றோ, நல்ல பிறவி வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. எந்தப் பிறவியானாலும் சரி, மறவாதிருந்தால் போதும் என்கிறார். ஆணா பெண்ணா, சித்திரையா வைகாசியா என்று நாங்கள் வீட்டிலிருந்து சுமந்து வந்த பட்டியல், மளிகைக்கடைச் சீட்டைப் போல என் கண்முன் வந்து நின்றது. மனைவி குனிந்த தலை நிமிராமல் வயிற்றின்மேல் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும், “நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?” என்று அவள் கேட்டாள். இரண்டு உயிரும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டியதாகச் சொன்னேன். “அதுல உங்களையும் சேத்து மூணுன்னு சொல்லியிருக்கலாம்” என்றாள். அத்தை சிரித்துவிட்டார்.

சுகப்பிரசவம் வேண்டுவதில் பிழையில்லை என்றே நான் கருதுகிறேன். உடல் வருந்தப் போகிறவள் அவள். வலி குறைய வேண்டும் என்று கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அறுவை செய்து பிறந்தால் வேண்டுதல் பலிக்கவில்லை என்று எண்ணும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது தாய்க்குச் செய்யும் அநீதி. அம்மன் சன்னதியில் அத்தை கண்மூடி நின்றபோது, இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். வெளியே வந்ததும் அவரே, “எப்படிப் பொறந்தாலும் சரி மாப்பிள்ளை, ரெண்டு பேரும் வீடு வந்து சேரணும், அதான் கேட்டேன்” என்றார்.

மாலையில் வெயில் தாழ்ந்தபின், மனைவியை வீட்டில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு, ஆயாவை அழைத்துக்கொண்டு வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்ட குப்பத்துக்குச் சென்றேன். அப்பர் கரையேறிய இடம் என்று ஊரார் போற்றும் இடம் அது. இன்று கடல் அங்கிருந்து சற்றுத் தள்ளியே இருக்கிறது. கெடிலமும் கடலும் காலந்தோறும் இடம் மாறியிருக்கும் நிலப்பகுதி என்பதால் இதில் வியப்பில்லை. ஆயாவை அங்கே அழைத்துச் சென்றதில் எனக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. அப்பர் கரையேறிய விழாவைக் கடலூரில் எந்த மாதத்தில் கொண்டாடுகிறார்கள் என்று தெரியாதவர் போலக் கேட்டேன். “சித்திரையிலதான்” என்றவர், சொல்லி முடிக்கும்போதே என் நோக்கத்தைப் புரிந்துகொண்டார். அப்பர் திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்த சதய நாளும் சித்திரையில்தான் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தகப்பன் தெருவில் நிற்பதானால் கோயில் தெருவிலே நிற்கட்டும் என்று சொல்லி நடக்கத் தொடங்கினார். அதன்பிறகு அவர் வைகாசியைப் பற்றிப் பேசவில்லை. நம்பிக்கையை நம்பிக்கையால்தான் நகர்த்த முடியும் போலும். மருத்துவர் சொன்ன விளக்கங்கள் எதுவும் அவரிடம் எடுபட்டிருக்கவில்லை.

இரவு உணவுக்குப் பின் நேர்த்திக்கடன் பற்றிய பேச்சு வந்தது. முதல் மொட்டை என் குலதெய்வத்துக்கு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பாடலீஸ்வரருக்குத் துலாபாரம் நேர்ந்துகொள்ளலாமா என்று அத்தை கேட்டபோது, பிறந்த பிறகு குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவதே போதும், கணக்கு எதுவும் வேண்டாம் என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். தீட்டுக் கழிந்தபின் முதலில் இந்தக் கோயிலுக்கு வருவது, அப்போதும் ஓதுவார் ஐயாவிடம் அதே பதிகத்தைக் கேட்பது என்று முடிவாயிற்று. ஆயா மட்டும் யாரையும் கேட்காமல் பெரியநாயகிக்கு ஒரு பட்டுப்புடவை நேர்ந்துகொண்டுவிட்டார். அதன் நிறம் பற்றிய விவாதம், நான் மறுநாள் காலையில் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறும்வரை ஓயவில்லை.