அரத்தால் ராவிய ட்விஸ்ட் ட்ரில்: 10 மி.மீ. துளைத்துவிட்டது

அரத்தாலேயே ராவிச் செய்த 10 மி.மீ. ட்விஸ்ட் ட்ரில் (சுருள் பள்ளமுள்ள துளையிடும் பிட்), 6 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தகட்டைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. சென்டர் பஞ்ச் குத்தியதோடு சரி, முன்னோட்டமாகப் போடும் சின்ன பைலட் துளைகூடப் போடவில்லை. இரண்டு பள்ளத்திலிருந்தும் சம கனத்தில் வெட்டிய இரும்புச் சுருள் ஏறி வந்தது. பெருமையாக இருக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். மார்ஜின் (துளையின் சுவரைத் தொடும் ஒல்லியான ஓரம்) வேலை இன்னும் பாக்கி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மெஷின்) இல்லாமல் ட்ரில் பிட் செய்யும் இந்த ஆசை பிராவிடன்ஸ் நகரத்துக் கதை ஒன்றிலிருந்து வந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் டூல் கம்பெனி ராணுவத்துக்கு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் செய்ய ஒப்புக்கொண்டது. துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் உட்காரும் குட்டித் துண்டுக்கு நிப்பிள் என்று பெயர். அதன் நடுவில் துளை போட ட்விஸ்ட் ட்ரில் வேண்டும். அந்த ட்ரில்களைத் தொழிலாளிகள் ஒவ்வொன்றாக, டூல் ஸ்டீல் கம்பியில் மெல்லிய உருண்டை அரத்தால் சுருள் பள்ளம் ராவிச் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த ஃபிரெடெரிக் ஹௌ அதைப் பொறுக்க முடியாமல், அதே ஊரில் பிரவுன் அண்டு ஷார்ப் நடத்திய ஜோசப் ஆர். பிரவுனிடம் போய், இதற்கு ஒரு மெஷின் செய்ய முடியாதா என்று கேட்டார். பிரவுன் கடிகாரத் தொழிலிலிருந்து வந்தவர். அவர் யோசித்துச் செய்ததுதான் யுனிவர்சல் மில்லிங் மெஷின். முதல் மெஷின் 1862 மார்ச்சில் ஹௌவின் கம்பெனிக்கே போனது. 1865-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

உலகம் முழுக்க டூல் ரூம்களில் நிற்கிற ஒரு மெஷினுக்கு வித்திட்டது, அரத்தோடு மல்லுக்கட்டிய அந்தத் தொழிலாளிகளின் கைவலி. அந்த வேலை என்னதான் வேலை என்று கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நான் எடுத்த கம்பி சில்வர் ஸ்டீல் (கார்பன் அதிகமுள்ள டூல் ஸ்டீல்), 10 மி.மீ., 120 மி.மீ. நீளம். இதை வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. சில்வர் ஸ்டீல் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த கம்பி, பளபளவென்று சாணை பிடித்த சாதாரண இரும்பு. சோதிப்பது சுலபம். சாணைக்கல்லில் நுனியை வைத்துப் பொறியைப் பாருங்கள். எம்.எஸ். பொறி நீளமாக, நேராக ஓடும். கார்பன் அதிகமுள்ள ஸ்டீல் பொறி பாதி வழியிலேயே பூப்பூவாக வெடிக்கும். அப்புறம் ஒரு துண்டை அறுத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு அரத்தை வைத்தால், அரம் பிடிக்காமல் வழுக்க வேண்டும். இப்போது பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ரீமர், பஞ்ச் தண்டுகளைத்தான் இப்படிச் சோதித்து வாங்குகிறேன்.

சுருளைக் குறிப்பது சின்ன வேலை. 10 மி.மீ. கம்பியின் சுற்றளவு 31.4 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு 54 மி.மீ. முன்னேறினால் சுருளின் சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. காகிதத்தில் 31.4-க்கு 54 அளவில் செங்கோண முக்கோணம் வெட்டிக் கம்பியில் சுற்றினால், அதன் சாய்ந்த விளிம்பே சுருள் கோடு. மார்க்கிங் ப்ளூ பூசி ஸ்க்ரைபரால் இழுத்துவிட்டு, காகிதத்தை 15.7 மி.மீ. தள்ளிச் சுற்றி இரண்டாவது கோட்டை இழுத்தேன். பள்ளத்தின் நீளம் 60 மி.மீ.

ராவுவதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. கம்பியை வைஸில் இறுக்கிவிட்டு அரத்தைச் சுருளாக ஓட்டப் பார்த்தால் பள்ளம் படிப்படியாகத்தான் விழும். கம்பியைக் கை வைஸில் பிடித்து, மேசையில் திருகிய மரக்கட்டையின் வி பள்ளத்தில் படுக்க வைக்க வேண்டும். வலது கை அரத்தைச் சுருளின் சாய்வில் முன்னால் தள்ளும்போதே இடது கை கம்பியை உருட்ட வேண்டும். அரம் திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். முக்கோண அரத்தின் முனையால் முதலில் வழி போட்டு, அந்த வழியில் 6 மி.மீ. உருண்டை அரத்தை இறக்கினேன். கை பழகிய பிறகு பள்ளம் கோட்டைவிட்டு விலகாமல் தானாகவே சுற்றிப் போகிறது. இரண்டு பள்ளத்துக்கும் நடுவே மிஞ்சும் நடுத்தண்டு நுனியில் 1.6 மி.மீ., பிடிப்பக்கம் போகப்போக 3 மி.மீ. வரை கனக்க விட்டேன். இந்த நடுத்தண்டுதான் முறுக்கு விசையைத் தாங்குகிறது.

இதுவரை படித்தவர்கள் சுருள்தான் கஷ்டம் என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். உண்மையான கஷ்டம் பள்ளத்தின் குறுக்குவெட்டு வடிவம்.

உருண்டை அரம் வட்டமான பள்ளத்தைத்தான் தரும். அந்த நுனியை 118 டிகிரிக்குச் சாணை பிடித்தால், வெட்டும் விளிம்பு நேராக வராது. நடுவிலிருந்து வெளியே போகும்போது உள்பக்கம் குழிந்து, வெளிமூலையில் கொக்கிபோல வளைந்து நிற்கும். இரும்பைத் தொட்டதும் அந்த மெல்லிய மூலைதான் முதலில் கவ்வி, முதலில் உடையும். விளிம்பு நேராக வர வேண்டுமானால் பள்ளத்தின் வெட்டும் பக்கச் சுவருக்கு ஒரு வளைவு, எதிர்ச் சுவருக்கு வேறு வளைவு வேண்டும். சுருளின் சாய்வு, நுனிக்கோணம், நடுத்தண்டின் கனம் மூன்றும் சேர்ந்து அந்த வளைவைத் தீர்மானிக்கின்றன. நுனிக்கோணத்தை 118-லிருந்து 135-க்கு மாற்றினாலே அதே பள்ளத்தில் விளிம்பின் வடிவம் மாறிவிடும்.

கடைசியில் பலன் தந்த முறை இது. உருண்டை அரத்தால் ஆழத்தை எடுத்ததும், சின்ன அரைவட்ட அரத்தால் வெட்டும் பக்கச் சுவரை மட்டும் திறக்க வேண்டும். நடுத்தண்டை ஒட்டிய இடத்தில் அரத்தை அமுக்கி, வெளி விளிம்புப் பக்கம் போகும்போது கையை லேசாக்க வேண்டும். நுனியை 59, 59 டிகிரிக்குச் சாணை பிடித்து, விளிம்பின் மேல் ஷேவிங் பிளேடின் நேர்முனையை வைத்து, பின்னால் டார்ச் வெளிச்சம். வெளிச்சக் கோடு எங்கே அகலமோ அங்கே குழி. அதன் இருபக்கமும் ராவி இறக்கி, மறுபடி சாணை, மறுபடி டார்ச். வெளிச்சம் ஒரு மயிரிழைக்குக் குறுகி இரண்டு விளிம்பிலும் ஒரே மாதிரி நின்றபோதுதான் நிறுத்தினேன். முழுப் பள்ளத்துக்கும் இதைச் செய்தால்தான் பிட் தேய்ந்து தேய்ந்து சாணை பிடித்தாலும் விளிம்பு நேராகவே வரும். முன்பு கொல்லர்கள் கம்பி நுனியைத் தட்டிச் சப்பையாக்கிக் கூர் பிடித்த சப்பை ட்ரில்லுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. சாணை பிடிக்கப் பிடிக்க அதன் அகலம் குறையும். தூளும் மேலே வராமல் துளைக்குள்ளேயே அடைந்துகொள்ளும்.

இதைச் செய்த பிறகுதான் ஸ்டீபன் ஏ. மோர்ஸின் பெருமை புரிந்தது. மாசசூசெட்ஸின் ஈஸ்ட் பிரிட்ஜ்வாட்டர்க்காரர். 1863 ஏப்ரல் 7-ல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் எண் 38,119. உருண்டைக் கம்பியின் இரு பக்கமும் சுருள் பள்ளம் வெட்டிய ட்ரில்தான் அது. அடுத்த வருஷமே கம்பெனி உருவாகி, நியூ பெட்ஃபர்டு நகரத்தில் வேரூன்றி வளர்ந்தது. அந்தக் கம்பெனியின் பழைய விளம்பரங்களில் 'ஸ்ட்ரெய்ட் லிப்' என்ற சொல் பெருமையாகப் போட்டிருக்கும். நேர் விளிம்பை ஏன் விளம்பரத்தில் போட வேண்டும் என்று முன்பெல்லாம் யோசித்ததுண்டு. டார்ச்சைப் பிடித்து உட்கார்ந்தவனுக்கு அந்தச் சந்தேகம் வராது.

இதே சிக்கலுக்கு பிரவுனிடம் இன்னொரு பதில் இருந்தது. ட்விஸ்ட் ட்ரில் பேச்சில் அதை யாரும் போதுமான அளவு பாராட்டுவதில்லை என்பது என் எண்ணம். அவருடைய மில்லிங் மெஷினில் மேசையை நகர்த்தும் ஸ்க்ரூவிலிருந்தே கியர் வழியாக வேலைத்துண்டும் சுழலும். சுருள் அப்படிக் கிடைத்துவிட்டது. ஆனால் வடிவத்தைத் தருவது கட்டர். அன்றைய கட்டர்களின் பல் மழுங்கி, மறுபடி சாணை பிடித்தால் பல்லின் வடிவமே மாறிவிடும். நேற்று வெட்டிய பள்ளமும் இன்று வெட்டும் பள்ளமும் ஒன்றாக இருக்காது. 1864-ல் பிரவுன் காப்புரிமை பெற்ற ஃபார்ம் கட்டரில், பல்லின் பின்பக்கம் முழுக்க ஒரே வடிவத்தில் உள்நோக்கிச் சரிந்து போகும். பல்லின் முகத்தை மட்டும் சாணை பிடித்தால் போதும். எவ்வளவு தேய்ந்தாலும் வெட்டும் வடிவம் அதேதான். கியர் கட்டர்கள் இன்றும் அந்த வழியில்தான் இருக்கின்றன. யுனிவர்சல் மெஷின் பெரிதாகக் கண்ணில் படுவதால் புகழை எடுத்துக்கொண்டது. என் கட்சி கட்டர் பக்கம்.

சரி, தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தண்ணீரில் இறக்கிக் கெட்டியாக்கும் வேலை. கரி உலையில் ஊதி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் செங்குத்தாக இறக்கினேன். சாய்ந்து இறங்கினால் சுருள் பள்ளமுள்ள கம்பி வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். பிறகு பள்ளத்தை எமரி தாளால் பளபளக்கத் தேய்த்து, பிடிப்பக்கத்தில் மட்டும் தீயைக் காட்டினேன். நிறம் கம்பியில் ஏறி வருவதைப் பார்க்க வேண்டும்! முதலில் வெளிர் மஞ்சள், அதன் பின்னாலேயே வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் எனப் பட்டைபட்டையாக நுனியை நோக்கி நகர்கிறது. நுனியில் அடர் வைக்கோல் நிறம், அதாவது சுமார் 240 டிகிரி, வந்த கணத்தில் தண்ணீரில் அமிழ்த்தினேன். நுனி கெட்டி, பிடிப்பக்கம் நீலமாகி வளைந்து கொடுக்கும் பதம். ஒரே கம்பியில் இரண்டு பதம்.

துளைக்கும்போது வேகத்தைக் கவனியுங்கள். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்குப் போடும் வேகத்தை இதற்குப் போட்டால் நுனி நீலமாகி, பதம் போய்விடும். கார்பன் ஸ்டீலுக்கு நிமிஷத்துக்கு 10 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொண்டால் 10 மி.மீ. பிட்டுக்கு 318 ஆர்.பி.எம். வரும். என் ட்ரில்லிங் மெஷினின் கடைசிப் புல்லியில் 280 கிடைக்கிறது, அது போதும். கட்டிங் ஆயிலைத் தாராளமாக விட்டேன். 1900 பாரிஸ் பொருட்காட்சியில் டெய்லரும் வைட்டும் தங்கள் ஹை ஸ்பீடு ஸ்டீலைச் சிவக்கச் சிவக்க ஓட்டிக் காட்டும் வரை, உலகத்து ட்ரில் எல்லாம் இந்தப் பதத்துக்குப் பயந்துதான் ஓடியது.

பிட்டைப் பிடித்த சக் பற்றியும் இரண்டு வரி. கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டில் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர், ஸ்பானரால் இறுக்கும் பழைய சக்கில் விரல் முட்டியை இடித்துக்கொண்ட எரிச்சலில், பல் வைத்த சாவியால் இறுக்கும் சக்கைச் செய்தார். 1902-ல் காப்புரிமை. சாய்ந்த துளைகளில் வழுக்கும் மூன்று தாடைகள், அவற்றைச் சுற்றி ஒரு நட்டு வளையம், வெளியே பல் வெட்டிய உறை. இன்று நம் கையில் இருப்பதும் அதேதான்.

சக்குக்கு மேலே மோர்ஸின் பெயர் மறுபடி வருகிறது. எனக்கு அடுத்து எம்.டி. 2 (மோர்ஸ் டேப்பர் எண் 2) ஆர்பர் ஒன்று, அதாவது சக்கை மெஷினில் மாட்டும் கூம்புத் தண்டு, கடைய வேண்டும். மோர்ஸ் டேப்பரில் எல்லா எண்ணுக்கும் ஒரே சாய்வு என்று நினைத்து லேத்தின் காம்பவுண்டு ஸ்லைடைச் செட் செய்யாதீர்கள். அடிக்கு 5/8 அங்குலம் என்பது தோராயம்தான். எண் 1-க்கு நீளம் 20.047-க்கு விட்டம் ஒன்று குறையும், எண் 2-க்கு 20.020, எண் 3-க்கு 19.922, எண் 5-க்கு 19.002. டிகிரிக் கோடுகளை நம்பாமல், நல்ல ஆர்பர் ஒன்றை சென்டர்களுக்கு இடையில் மாட்டி, டயல் கேஜ் ஊசி அசையாத வரை ஸ்லைடைத் திருப்புவதுதான் சரியான வழி. அதை வேறொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

இப்போது பாக்கி வேலை. கடையில் வாங்கும் பிட்டில் பள்ளத்தின் ஓரமாக ஒல்லியான மார்ஜின் மட்டும்தான் துளையின் சுவரைத் தொடும். மீதி உடம்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். பள்ளத்தின் வடிவத்தைச் சோதிப்பதுதான் நோக்கம் என்பதால் என் பிட்டில் அதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். உடம்பு முழுக்க உரசுகிறது. 6 மி.மீ. தகட்டுக்குப் பரவாயில்லை, 20 மி.மீ. ஆழத்துக்கு இறக்கினால் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது கம்பியில் தோய்ச்சலுக்கு முன்பே 1 மி.மீ. மார்ஜின் விட்டு உடம்பை 0.3 மி.மீ. ராவி இறக்கப்போகிறேன். ஒரு பக்கப் பள்ளம் அதில் முடிந்திருக்கிறது.

அது முடிவதற்குள்ளேயே மனசு லேத் பக்கம் போய்விட்டது. லேத்தின் கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 3 மி.மீ. 54 மி.மீ. சுருளுக்கு லீட் ஸ்க்ரூ 18 சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஸ்பிண்டிலிலிருந்து ஸ்க்ரூவை ஓட்டப் பார்த்தால் இவ்வளவு பெரிய விகிதத்தில் கியர்ப் பல் தாங்காது. ஸ்க்ரூவைக் கையால் சுற்றி, அதிலிருந்து ஸ்பிண்டிலை ஓட்ட வேண்டும், பிரவுன் செய்த மாதிரியே. 20-க்கு 60, 20-க்கு 120 என்று இரண்டு படியில் விகிதம் சரியாக 18 வருகிறது. கட்டர் சுழல ஒரு சின்ன ஸ்பிண்டில் கிராஸ் ஸ்லைடில் உட்காரும். ஒற்றைப் பல் ஃப்ளை கட்டரின் வடிவத்தை, அரத்தால் கிடைத்த இந்தப் பள்ளத்தில் மெழுகு அச்சு எடுத்துத்தான் ராவுவேன். இரண்டு 20 பல் கியரும் 60-ம் கையில் இருக்கின்றன. மாட்யூல் (பல்லின் அளவு) 1-ல் 120 பல் கியர்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.