பல்லாவரத்துக் கல்லும் ஒரு பேனாக்கத்தியும்

கல் பார்க்கப் போகும்போது என் பையில் இருப்பது ஒரு பேனாக்கத்தி, 10 மடங்கு லென்ஸ், அப்புறம் சின்ன பாட்டிலில் கொஞ்சம் வினிகர். நிறத்தை நான் நம்புவதில்லை. வெள்ளையாக இருந்தால் உடனே குவார்ட்ஸ் என்று சொல்லிவிடுவார்கள், சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டும் வெள்ளைதான். கத்தியால் கீறினால் தெரிந்துவிடும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கால்சைட் 3, கோடு விழும். குவார்ட்ஸ் 7, அதில் கீறினால் கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லில் ஒட்டும். சந்தேகம் தீராவிட்டால் கீறிய பொடிமேல் வினிகர் விடுவேன். கால்சைட் என்றால் மெல்ல நுரைக்கும்.

பாறை வகைக்கு வந்தால், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் எளிது. கடல் சிப்பிகளின் புதைபடிவம் கண்ணில் பட்டாலே படிவுப் பாறை என்று சொல்லிவிடலாம்.

பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட்தான் ஆட்டம் காட்டும். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு கரும்பச்சை மினுமினுப்பு. உள்ளே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் ஆகிய கனிமங்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லும் இதே வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே இதற்கு வைத்தார். கிரானைட் மாதிரி இருப்பதால் தீப்பாறை என்று ஒரு கட்சி. ஆழத்தில் கடும் வெப்பத்தில் மாறிய உருமாறிய பாறை என்று இன்னொரு கட்சி. பரீட்சையில் கேட்டால் மாட்டிக்கொள்வோம்!

அந்தப் பக்கம் போனால் புதிதாக உடைந்த முகத்தைத் தேடிப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த மேற்பரப்பு பழுப்பேறியிருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.