ஊஞ்சல் கொக்கியில் தொங்கிய வில்

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்றைக்கும் மூன்றாவது சுற்றிலேயே வலது தோள் பிடித்துக்கொண்டது. முதல் பன்னிரண்டு அம்பு வரை எல்லாம் சரியாக இருக்கிறது. அதற்கு மேல், நாணைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தும் அந்த இரண்டு விநாடியில் கை நடுங்க ஆரம்பிக்கிறது. அம்புகளும் வலதுபக்கமாகவே போய்க் குத்துகின்றன.

சவுக்குத் தோப்பு ஓரத் திடலில் வெயில் ஏறுவதற்குள் பயிற்சியை முடித்துவிடுவோம். மூட்டை கட்டும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்து கேட்டார்: "எத்தனை பவுண்டு இழுக்கறீங்க சார்?"

"இருபத்தெட்டு மாஸ்டர்."

"அது லிம்புல எழுதியிருக்கிறது. உங்க கையில எவ்வளவு வருது?"

என்னிடம் பதில் இல்லை. ஐந்து மாதமாக எய்கிறேன், ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

லிம்ப் என்பது வில்லில் மேலும் கீழும் வளைகிற கை. என்னுடையது கைமாறி வாங்கியது. ஸ்டிக்கரில் 68–28 என்று இருக்கிறது. கைப்பிடி இருக்கும் நடுப்பகுதியான ரைசர் 25 அங்குலம் என்றால், அதில் மாட்டும்போது வில்லின் நீளம் 68 அங்குலம், 28 அங்குலம் இழுத்தால் 28 பவுண்டு என்று அர்த்தம். அந்த 28 அங்குலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நாணிலிருந்து கைப்பிடியின் குழிவான இடம் வரை 26¼ அங்குலம், அதோடு 1¾ அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். நான் உயரம், கையும் நீளம். முழுசாக இழுத்து நிற்கும்போது மகள் அம்பில் பேனாவால் குறி வைத்தாள். அளந்தால் என் இழுப்பு 30 அங்குலம். அந்தக் கூடுதல் இரண்டு அங்குலத்துக்கு என்ன எடை என்று ஸ்டிக்கர் சொல்லாது.

ஜூன் 9, திங்கள்

அலுவலகம் விட்டு வந்ததும் முதல் வேலை இதுதான். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு பழசு, கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. ஊஞ்சலைக் கழற்றிவிட்டுக் கொக்கியில் தராசு, தராசின் கொக்கியில் நாண் என்று மாட்டினேன். வில் கீழே தொங்கியது. நாணில் இரும்பு உரசக் கூடாது என்பதால் தராசுக் கொக்கியில் துணி சுற்றினேன். தராசை ஆன் செய்ததும் பூஜ்யம் காட்டியது. முனை கழற்றிய பழைய அம்பில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு நாணில் மாட்டிக்கொண்டோம். அம்பு தரையைப் பார்த்து நிற்கும். நான் ரைசரை இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே இழுக்க, கோடு கைப்பிடிக்கு வந்ததும் "நில்லுப்பா" என்பாள் மகள்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இழுத்த வில்லை அம்பில்லாமல் அப்படியே விட்டுவிடக் கூடாது. அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஆற்றல் லிம்புக்கே திரும்பும், லிம்ப் வெடித்துப்போகலாம். இழுத்த அதே நிதானத்தில்தான் திரும்ப விட வேண்டும். நாண் கொக்கியை விட்டு நழுவினால் வில் எந்தப் பக்கம் பாயும் என்று பார்த்து, முகத்தையும் காலையும் அந்த வழியிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். மகளை மூன்றடி தள்ளித்தான் நிற்க வைத்தேன்.

கை அசைவில் எண் குதித்துக்கொண்டே இருந்தது. 30 அங்குலத்தில் ஐந்து முறை இழுத்தோம். 13.6-க்கும் 14.1-க்கும் நடுவே வந்தது, சராசரி 13.8 கிலோ. ஒரு கிலோவுக்கு 2.2046 பவுண்டு என்று பெருக்கினால் 30.4. 28 அங்குலத்தில் 11.7 கிலோ, அதாவது 25.8 பவுண்டுதான்.

ஸ்டிக்கரைவிடக் குறைவு. பழைய லிம்ப், தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் தோள்வலிக்கு என் உடம்புதான் காரணம் என்றும் தோன்றியது.

ஜூன் 11, புதன்

இரண்டு நாளாக மனசு ஒப்பவில்லை. 30 பவுண்டுக்கு இந்த நடுக்கம் வராது. இதே உயரமுள்ள திடல் நண்பர் 32 பவுண்டு வில்லில் அறுபது அம்பு எய்துவிட்டுச் சாதாரணமாக நிற்கிறார்.

காலையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேவனாம்பட்டினத்து அக்கா வந்திருந்தார். ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது. வள்ளத்திலும் ஃபைபர் படகிலும் வருகிற மீன் மட்டும்தான். கூடையில் கொஞ்சம் சங்கராவும் நெத்திலியும் இருந்தன. கரையில் மொத்தமாக மீன் எடுக்கும்போது தொங்கவிடும் 20 கிலோ வட்டத் தராசு அவரிடம் உண்டு என்பது எனக்குத் தெரியும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வில்லை எடை போடவா? எடுத்துக்க தம்பி, சும்மாதான் கெடக்கு. ஞாயித்துக்கிழமை காலையில குடுத்துடு, அன்னைக்கு விசைப்படகு கடல்ல எறங்கிடும்."

சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய் வாங்கி வந்தேன். தட்டைக் கழற்றிவிட்டு, முள்ளைப் பூஜ்யத்தில் வைக்கும் திருகையும் காட்டித் தந்தார்.

ஜூன் 12, வியாழன்

முதலில் தராசுகளையே சோதித்தேன். 700 கிராம் பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் 10.7 கிலோ காட்ட வேண்டும். அக்காவின் தராசில் முள் 10.7-இல் நின்றது. டிஜிட்டலில் 10.72. இரண்டுமே நேர்மையான தராசு.

பிறகு வில். முள் தராசில் இழுப்பது எவ்வளவோ சுலபம், முள் குதிக்காமல் கையோடு நகர்கிறது. அம்பின் கோடும் தராசின் முகமும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி மகள் மொபைலில் வீடியோ எடுத்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

28 அங்குலத்தில் 13.3 கிலோ. 30 அங்குலத்தில் 15.4.

15.4 கிலோ என்றால் 34 பவுண்டு! திங்கட்கிழமை பார்த்ததற்கும் இதற்கும் சரியாக 1.6 கிலோ வித்தியாசம், இரண்டு இடத்திலும். தராசு இரண்டும் சரி. வில்லும் அதே வில். இதை எழுதும்போது மணி பதினொன்றரை, இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மகள்தான் கண்டுபிடித்தாள். நேற்று எடுத்த வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நான் இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே முள் 1.6-இல் நிற்கிறது. அது வில்லின் சொந்த எடை. டிஜிட்டல் தராசை நான் வில்லைத் தொங்கவிட்ட பிறகுதான் ஆன் செய்தேன். ஆன் செய்யும்போது என்ன தொங்குகிறதோ அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். வில்லின் 1.6 கிலோவை அது விழுங்கிவிட்டது.

சரி, எது உண்மை? வில்லின் எடையை நான் இழுக்கவில்லையே, அதைக் கழிப்பதுதானே முறை என்றேன் நான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "வில்லோட எடையும் வில்லைக் கீழ இழுக்குற இன்னொரு கைதான்ப்பா. நாண் ரெண்டையும் சேர்த்துத்தானே தாங்குது?" பதினொன்றாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வாதம் பண்ணுவதைவிடத் தண்ணீரிடமே கேட்டுவிடலாம் என்று வில்லைத் தலைகீழாக்கினோம். கைப்பிடியில் துண்டு சுற்றி, அதையே ஊஞ்சல் கொக்கியில் கட்டினோம். இப்போது வில்லின் எடையைக் கொக்கி தாங்கிக்கொள்கிறது, நாணுக்கு அதோடு சம்பந்தமில்லை. நாணின் நடுவில் பக்கெட். அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே இருக்கும்படி கயிற்றைச் சரிசெய்து, கீழே பழைய மெத்தையை விரித்தோம். லிட்டர் லிட்டராக அளந்து ஊற்ற ஊற்ற, நாண் இறங்கிக்கொண்டே வந்தது. பத்து லிட்டருக்கு மேல் கால் லிட்டர், பிறகு ஐம்பது மில்லி. நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே 26¼ அங்குலம் வந்தபோது உள்ளே இருந்தது 12 லிட்டரும் 600 மில்லியும். பக்கெட்டோடு சேர்த்து 13.3 கிலோ.

அக்காவின் தராசு 28 அங்குலத்தில் சொன்ன அதே எண்! மகள் கைதட்டிக் குதித்தாள். நாணை மேலே மாட்டி வில்லைக் கீழே இழுத்தால் வில்லின் எடையைக் கழிக்கக் கூடாது, என் கணக்குத் தப்பு.

பக்கெட்டை எடுக்கும்போது கவனம் வேண்டும். சட்டென்று கழற்றினால் அதுவும் அம்பில்லாமல் விட்ட மாதிரிதான். மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு குறைத்து, கடைசியில் அடியில் கை கொடுத்து மெதுவாக உயர்த்தி எடுத்தேன்.

ஜூன் 14, சனி

தராசு கையில் இருக்கும் கடைசி நாள். அங்குலம் அங்குலமாக எடுத்துவிட்டோம். 24-இல் 9.6 கிலோ, 25-இல் 10.5, 26-இல் 11.4, 27-இல் 12.3, 28-இல் 13.3, 29-இல் 14.3, 30-இல் 15.4. முதலில் அங்குலத்துக்கு 900 கிராம், பிறகு ஒரு கிலோ, கடைசி அங்குலத்தில் 1.1 கிலோ. அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு என்று திடலில் சொல்கிற கணக்கு முதலில் பொருந்துகிறது. என்னைப் போல நீளமாக இழுக்கிறவருக்குக் கடைசியில் அதைவிடக் கூடுகிறது.

மகளின் இழுப்பு 26 அங்குலம். இதே வில் அவள் கையில் 25 பவுண்டு, என் கையில் 34. ஒன்பது பவுண்டு வித்தியாசம்! யாராவது "என் வில் 28 பவுண்டு" என்று சொன்னால் இனிமேல் "உங்கள் இழுப்பு எத்தனை அங்குலம்?" என்று கட்டாயம் கேட்பேன்.

28 அங்குலத்திலேயே ஸ்டிக்கரைவிட 1.3 பவுண்டு கூடுதலாக வந்ததற்கும் காரணம் தெரிந்தது. லிம்பை ரைசரோடு பிடிக்கும் போல்ட் இரண்டும் கடைசி வரை முறுக்கியிருந்தன. மேலும் கீழும் சமமாக ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். ஒன்றை மட்டும் தளர்த்தினால் லிம்புகள் சமமாக வளையாது. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் தளர்த்தினால் இழுக்கும்போது போல்ட் பிடுங்கிக்கொள்ளும், அதனால் அந்த எல்லைக்குள்ளேயே நின்றேன். இப்போது 30 அங்குலத்தில் 14.5 கிலோ, 32 பவுண்டு. இன்னும் அதிகம்தான்.

அம்பு வலதுபக்கம் போகிற விஷயமும் இதில்தான் இருக்கிறது. 28 பவுண்டு என்று நம்பி 800 ஸ்பைன் அம்பு வாங்கினேன். தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.8 அங்குலம் வளைகிற அம்பு அது. எண் பெரிதானால் அம்பு மெத்தென்று இருக்கும். 34 பவுண்டு தள்ளும்போது அது தேவைக்கு மேல் வளைகிறது. வலதுகைக்காரர் எய்தால் அப்படிப்பட்ட அம்பு வலதுபக்கம்தான் போகும். மாதக்கணக்காக என் விரல் நாணைச் சரியாக விடவில்லை என்று நினைத்து, விடுகிற முறையை மாற்றி மாற்றிப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

விடியற்காலையில் தேவனாம்பட்டினம் போய்த் தராசைத் திருப்பிக் கொடுத்தேன். நேற்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது, கரை முழுக்க அதே பேச்சு. "எவ்வளவு இருந்துச்சு வில்லு?" என்று கேட்டார் அக்கா. பதினைந்தரைக் கிலோ என்றேன். "அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுப்ப?" அறுபது, எழுபது தடவை என்றதும் என் தோளைத்தான் பார்த்தார்.

திடலில் மாஸ்டரிடம் குறிப்புகளைக் காட்டினேன். முழுசாகப் படித்துவிட்டு, அறையிலிருந்து 68–24 லிம்ப் ஜோடி ஒன்றை எடுத்துத் தந்தார். "மூணு மாசம் இதுல எய்ங்க. நடுங்காம அறுபது அம்பு வந்த அப்புறம் ரெண்டு ரெண்டு பவுண்டா ஏறலாம். இதையும் அளந்துட்டுச் சொல்லுங்க."

ஜூன் 21, சனி

அக்காவின் தராசு இல்லாமலே அளந்தோம். டிஜிட்டலை ஊஞ்சல் கொக்கியில் வெறுமனே தொங்கவிட்டு, ஆன் செய்து, பூஜ்யம் வந்த பிறகு வில்லை மாட்டினோம். 1.6 என்று காட்டியது. அதன் பிறகு இழுத்தேன். 30 அங்குலத்தில் 12.7 கிலோ. பெருக்கினால் 28 பவுண்டு.

ஐந்து மாதமாக நான் இழுப்பதாக நினைத்த எடை இதுதான். மகள் 26 அங்குலத்தில் இழுக்க வேண்டிய எடை 9.4 கிலோ, 20.7 பவுண்டு. அவள் பழகுகிற திடல் வில்லும் 20 பவுண்டுதான் என்பதால் இதை இருவருமே எய்யலாம்.

ஜூன் 22, ஞாயிறு

பத்துச் சுற்று, அறுபது அம்பு. ஏழாவது சுற்று வரை கை நடுங்கவில்லை. எட்டாவதில் கொஞ்சம் தெரிந்தது, நிறுத்தி நிறுத்தி எய்தேன். அதே 800 அம்புகள் இன்று இலக்கின் நடுவிலுள்ள மஞ்சளைச் சுற்றி இரண்டு பக்கமும் பரவிக் குத்தின. தோளில் களைப்பு இருக்கிறது, வலி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லிம்பின் உட்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி மகள் இரண்டு வரி எழுதினாள்: அப்பா, 30 அங்குலம், 28 பவுண்டு. பாப்பா, 26 அங்குலம், 20.7 பவுண்டு. பிறகு நாற்காலி போட்டு ஏறி, ஊஞ்சலைத் திரும்ப மாட்டினோம்.