செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு ஞாயிறு: பாபி ஜோன்ஸ் தோற்ற இடமும் வென்ற இடமும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுவதில்லை. அன்று ஊர்மக்கள் நாய்களோடும் குழந்தைகளோடும் அதன் புல்வெளியில் காலாற நடக்கிறார்கள். கோல்ஃப் மட்டையைப் பிடித்தறியாத எனக்கு அதுவே வசதியாயிற்று. எடின்பரோவிலிருந்து ரயிலில் ஃபோர்த் பாலத்தைக் கடந்து, லூகர்ஸ் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தேன். பார்வையாளர்களில் பலரும் ஸ்வில்கன் கற்பாலத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் பார்க்க விரும்பியதோ மைதானத்தின் மறுகோடியில், ஈடன் கழிமுகத்தை ஒட்டியுள்ள 11ஆம் குழியை.

அட்லாண்டாவைச் சேர்ந்த அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ், 1921ஆம் ஆண்டு பிரிட்டனின் பெரும் கோல்ஃப் போட்டியான ஓப்பனில் ஆட இங்கே வந்தபோது அவருக்கு வயது 19. கோல்ஃபில் பந்தை மட்டையால் குறைந்த தடவை அடித்து எல்லாக் குழிகளையும் முடிப்பவரே வெல்வார். மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள், பத்தாவதில் 6 என ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்த நேரத்தில், 11ஆம் குழியின் மணற்பள்ளத்தில் பந்து சிக்கியது. பொறுமையிழந்த ஜோன்ஸ், அந்தக் குழியை முடிக்காமலேயே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியைக் கைவிட்டார். திறமைக்கு நிகராக முன்கோபத்துக்கும் பெயர்பெற்றிருந்த அவர், பின்னாளில் இச்செயலுக்காக வெளிப்படையாக வருந்தினார்.

நான்காண்டுகள் கழித்து, 1925இல், அமெரிக்காவின் வூஸ்டரில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியின் முதல் சுற்றில், அங்கும் 11ஆம் குழியில்தான், மட்டை புல்லில் பட்டுத் தன் பந்து இம்மியளவு நகர்ந்ததாக ஜோன்ஸ் கூறினார். வேறெவரும் அதைக் கவனிக்கவில்லை. அதிகாரிகள் முடிவை அவரிடமே விட, அவர் தன் கணக்கில் ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டார். நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மெக்ஃபார்லேனும் சமநிலையில் நின்றார்கள். அதாவது, அந்த ஓரடி இல்லையென்றால் கோப்பை அவருடையது. கூடுதலாக ஆடிய 36 குழிகளின் முடிவில் ஒரே அடியில் தோற்றார். நேர்மையைப் பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவரைப் புகழ்வீர்களா என்ற பொருளில் அவர் பதிலளித்ததாகச் சொல்லப்படுகிறது. உலகம் இந்நிகழ்வையே கொண்டாடுகிறது. ஆனால் 11ஆம் குழியின் பள்ளத்தருகே நின்றபோது, 1921இன் அந்தக் கோபக்கார இளைஞனைத் தெரியாமல் 1925இன் ஜோன்ஸைப் புகழ்வதில் பாதி நியாயம்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆத்திரத்தில் ஆட்டத்தை முறித்தவர்தான், யாருக்கும் தெரியாத ஓரடியைத் தானாகவே கணக்கில் எழுதினார்.

1927இல் இதே மைதானத்தில் ஓப்பன் பட்டத்தை வென்ற ஜோன்ஸ், கோப்பை இந்த ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டுச் சென்றார். 1930இல் இங்கே பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும், அதே ஆண்டில் ஏனைய மூன்று பெரும் பட்டங்களையும் வென்று, 28 வயதில் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். கடைசிவரை பணத்துக்காகப் போட்டியிடாத அவர், வழக்கறிஞராகத் தொழில் செய்தவர்.

முதுகுத்தண்டைத் தாக்கும் சிரிங்கோமைலியா நோய் அவரது நடையை மெல்லப் பறித்தது. 1958இல் அமெரிக்க அணியின் தலைவராக அவர் மீண்டும் வந்தபோது, இந்நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. அவருக்குமுன் அந்தச் சிறப்பைப் பெற்ற அமெரிக்கர், 1759இல், பெஞ்சமின் ஃபிராங்க்ளின். செயின்ட் ஆண்ட்ரூஸ் அனுபவங்களைத் தவிர மற்ற யாவற்றையும் தன் வாழ்விலிருந்து எடுத்துவிட்டாலும் அது நிறைவான வாழ்வாகவே இருக்கும் என்று யங்கர் மண்டபத்தில் அவர் பேசினார். மின்சார கோல்ஃப் வண்டியில் அவர் வெளியேறியபோது, மீண்டும் வரமாட்டாயோ என்று கேட்கும் பழைய ஸ்காட்லாந்துப் பாடலைக் கூட்டத்தினர் பாடினார்கள். அவர் திரும்பி வரவில்லை. 1971 டிசம்பரில் மறைந்தார்.

ஓல்ட் கோர்ஸின் 18 குழிகளுள் இரண்டுக்கு மட்டுமே மனிதர்களின் பெயர்கள் உண்டு. பதினெட்டாவது, உள்ளூர்க்காரரான டாம் மாரிஸின் பெயரைக் கொண்டது. மற்றொன்று, 1921இல் ஜோன்ஸ் 6 அடிகள் எடுத்துத் திணறிய அந்தப் பத்தாவது. அவரது மறைவுக்குப் பின் அதற்குப் பாபி ஜோன்ஸ் என்று பெயரிட்டார்கள்.